பாட்டின் நடுவே வெந்த சோறு

போன ஞாயிற்றுக்கிழமை மகள் செல்போனில் ஒரு பழைய ஆங்கில ராக் பாட்டைப் போட்டுவிட்டுத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கிதாரில் முழுதாகத் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருக்கிற ஒரே பாட்டு அது. சும்மா இருப்பேனா? பரணிலிருந்து கிதாரை இறக்கிக் கூடவே வாசித்தேன். இரண்டாவது அடி முடிந்ததும் என் கை நின்றது. பாட்டு நிற்காமல் போய்விட்டது.

"ஏம்ப்பா அங்கன நிப்பாட்டுதிய?" என்றாள்.

பாட்டே அப்படித்தான் என்றேன். திரும்பப் போட்டுக் காட்டினாள். அங்கே நிறுத்தமே இல்லை. முப்பது வருஷமாகத் தப்பாக வாசித்திருக்கிறேன். கேட்டவர்களுக்கும் தெரியாததால் என் மானம் தப்பியது.

இந்தக் கிதார் பிற்பாடு நான் வாங்கியது. நான் பழகிய கிதாரில் சோப்பு வாசம் அடிக்கும். அது சாகுலுடையது. நாங்கள் இருவரும் சங்கரன்கோவிலில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் பில் எழுதிக்கொண்டிருந்தோம். கடையநல்லூரிலிருந்து குடிவந்த குடும்பம் அவனுடையது. சவூதியில் வேலை பார்த்த அவன் அண்ணன் மைதீன், லீவில் வந்த ஒருவர் கையில் தம்பிக்குக் கிதார் கொடுத்துவிட்டார். அங்கிருந்து எந்தப் பெட்டியும் வெறுமனே வராது அல்லவா, கிதார் வயிற்றுக்குள்ளும் சோப்புக்கட்டிகள். கம்பிகளைத் தளர்த்தி எடுத்தோம். ஒன்று மட்டும் வரவே இல்லை. வாசிக்கும்போதெல்லாம் உள்ளே உருளும். அதையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டோம்.

கூடவே ஒரு கேசட். அப்போது கடிதத்துக்குப் பதில் பேசியே அனுப்புவார்கள். மைதீன் அண்ணன் முதலில் நலம் விசாரித்தார். கம்பெனி மெஸ்ஸில் வேளாவேளைக்குச் சாப்பாடு, வாரம் இரண்டு நாள் பிரியாணி, ராஜா மாதிரி இருக்கிறேன் என்றார். பிறகு அவருடைய அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர் அந்தப் பாட்டை மெதுவாக வாசிக்க, எந்த விரல் எங்கே என்று அண்ணன் தமிழில் சொன்னார். அதே கேசட்டில் பதில் பேசி, வந்தவர் திரும்பும்போது கொடுத்துவிட வேண்டும். எங்களுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது.

ஆபீஸ் விட்டதும் ஓடுவோம். ஒரே இடத்தை இருபது தடவை ஓட்டிக் கேட்போம். இரண்டாவது அடி முடிந்ததும் பாட்டு நிற்கும். தூரத்தில் அண்ணன் யாரிடமோ ஏதோ சொல்வார். பிறகு பாட்டு தொடரும். நாங்கள் பேச்சை விட்டுவிட்டு நிறுத்தத்தைப் பிடித்துக்கொண்டோம். விரல்நுனி புண்ணாகி, பில்லுக்குக் கார்பன் வைக்கவே வலித்தது.

ஒரு நாள் சாகுலின் உம்மா அடுக்களையிலிருந்து வந்து, அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்போதுதான் அண்ணன் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது.

"சோறு கொழஞ்சிரப் போவுது, எறக்கி வையி. நான் வந்து வடிக்கேன்."

உம்மா சாகுலைப் பார்த்தார். "ஏலே, அவனா பொங்குதான்?"

வீட்டில் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காதவர் மைதீன் அண்ணன். சாகுல் கேசட்டை நிறுத்தினான்.

கேசட் போவதற்கு முந்தின சாயங்காலம் எல்லோரும் அதன் மறுபக்கத்தில் பதில் பேசினார்கள். தன் முறை வந்தபோது உம்மா அந்த இடத்துக்கு ஓட்டச் சொன்னார். பாட்டு அழிந்துவிடும், பழக இந்த ஒரு ராத்திரிதான் மிச்சம், பேசுவதற்குப் புதுக் கேசட் வாங்கித் தருகிறேன் என்று சாகுல் கெஞ்சினான். எனக்கும் அழுகை வரும்போல் இருந்தது. கடைசி அடி இன்னும் கைக்கு வரவில்லை.

"பாட்டு போனா வேற பாட்டு. இந்த எடத்துல சொன்னாத்தான் அவனுக்கு வெளங்கும்," என்றார் உம்மா.

மெஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வேல முடிஞ்சி அசந்து வந்திருப்ப. அரிசிய முந்தியே ஊறப் போட்டுரு, சீக்கிரம் வெந்துரும்," என்று ஆரம்பித்து, எவ்வளவு தண்ணீர், எந்தப் பதத்தில் வடிப்பது என்று கேசட் தீரும்வரை பேசினார். கடைசி அடியை நாங்களாகவே ஒப்பேற்றிக்கொண்டோம்.

அடுத்த கேசட்டில் பிரியாணி இல்லை. "ஊறப் போட்டுத்தான் பொங்குதேன், உம்மா," என்றார் அண்ணன்.

உம்மா காலமாகிவிட்டார். அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். கேசட் கேட்கும் பெட்டி இப்போது யார் வீட்டிலும் இல்லை. மகள் என்னைச் சும்மா விடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நான்கே நாளில் கையைத் திருத்திவிட்டாள். நேற்று முதல்முறையாக நிற்காமல் வாசித்தேன். அவள் கைதட்டினாள். எனக்குச் சந்தோஷமாக இல்லை. மைதீன் அண்ணன் பேச வாயெடுத்த நேரத்தில் குறுக்கே வாசித்துவிட்டதுபோல் இருந்தது.