பானைக்கு ஓர் எண்

சீஸ் ஆலையில் பதினேழு வருடம் பெட்டி கட்டிய கார்லிஸ் மசார்ட், இனிமேல் மொபைல் செயலி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அவள் எதிரில் சிரிக்கவில்லை, அவ்வளவுதான். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. ஆலையில் ஒரு வருடம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துப் படித்தாள். ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை அந்த விடுப்பு முடிகிறது. அதற்குள் ஒரு வேலையையாவது உருப்படியாகச் செய்து காட்டாவிட்டால் மறுபடியும் வெள்ளை பூட்ஸ், தலைமுடிக்கு வலை, காலை ஐந்து மணி ஷிப்ட்.

அந்த ஒரு வேலை எங்களுடையது. விஸ்கான்சினில் எங்கள் ஊர்த் தீயணைப்புப் படை வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூயா விற்கும். கோழி, மாட்டிறைச்சி, காய்கறி எல்லாம் ஆளுயரக் கொப்பரையில் விடிய விடியக் கொதித்த குழம்பு அது. ஊரே வீட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு வரும். நான் அந்தப் படையில் வெங்காயம் உரிக்கிறவன். எப்போதாவது தீயும் அணைப்பேன். இந்த வருடம் அது அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள்; முன்பதிவும் பணமும் கார்லிஸின் செயலி வழியாக. பக்கத்து ஊர்களின் மூன்று சர்ச்சுகள் இது தேறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தன. தேறினால் அவர்கள் வேலையும் அவளுக்கே.

வெள்ளிக்கிழமை மதியம் நிலையத்தில் ஒத்திகை. என் ஆண்ட்ராய்டில் பணம் போனது, ரசீது வந்தது. அடுத்து எங்கள் தலைவர் நார்பர்ட் ஜாடின் தன் ஐபோனை எடுத்தார். அவர் வங்கி அட்டை வைத்துக்கொள்வதில்லை. பணம் அனுப்பும் வேறொரு செயலி வழியாகத்தான் கொடுப்பார். அங்கே போய் ஒப்புதல் கொடுத்தார். போன் திரும்பிக் கார்லிஸின் செயலிக்கு வரவில்லை. அவராக அதைத் திறந்தால், 'இன்னும் பணம் செலுத்தவில்லை' என்றது. மறுபடி அழுத்தினார். பணம் இரண்டு தடவை போனது.

"ஏம்மா கார்லிஸ், ஒரு பானைக்கு ரெண்டு பானை காசா? நல்ல யாவாரம்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது.

"ஒரே புரோகிராம், ரெண்டு போன்லயும் ஓடும்னியே?" என்றார் நார்பர்ட்.

"ஓடும். ஆனா திரும்பி வர்ற முகவரியை ரெண்டு பக்கமும் தனித்தனியா எழுதி வைக்கணும். ஐபோன் பக்கம் நான் எழுதல. தப்பு என்னுது."

"சரி விடு, பழையபடி சீட்டு அடிச்சிடலாம்."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் குடுங்க. சரியா வரலேன்னா நானே உக்காந்து சீட்டு எழுதுறேன்."

முகவரியை எழுத அவளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனாலும் எழுந்து போகவில்லை. கொப்பரைக் கொட்டகையில் சிக்னல் கிடையாது. அங்கே நின்று யாராவது இரண்டு தடவை அழுத்தினால் மறுபடியும் இதே கதைதானே என்று கேட்டுக்கொண்டு, கணினியை என் வெங்காய மேசையிலேயே வைத்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயம் என்று சொன்னாள்.

அப்போதே சிலர் பானைகளைக் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்திருந்தார்கள். நார்பர்ட் ஒவ்வொன்றின் மேலும் டேப் ஒட்டி எண் எழுதினார்.

"ஊத்துறதுக்கு முன்னாடியே எதுக்கு நம்பர்?" என்று கேட்டாள்.

"ஊத்தினப்புறம் எழுதினா எது யாருதுன்னு யாருக்குத் தெரியும்? நம்பர் இருந்தா எவன் ரெண்டாவது கரண்டியோட வந்தாலும் இது ஊத்தினதுன்னு தெரிஞ்சிடும்."

கார்லிஸ் அவரையே பார்த்தாள். பிறகு கணினியில் தட்ட ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு முடித்துவிட்டாள். கட்டணப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே ஆர்டருக்கு ஓர் எண் விழும். எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்தான் பணத்தை வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வேக்குப் போகும்; ஓர் எண்ணுக்கு ஒரு தடவைதான் பணம் எடுக்கும். பணம் வந்ததா என்று போனைக் கேட்கிற பழக்கத்தையும் விட்டாள். கேட்வேயே அவளுடைய சர்வருக்கு நேராகச் சொல்லிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நார்பர்ட் வேண்டுமென்றே கொட்டகைக்குள் போய் நின்று, ஐபோனில் ஏழு தடவை அழுத்தினார். குறும்பு பிடித்த மனுஷன். வெளியே வந்து போனைப் பார்த்தார். ஒரே ரசீது.

"கஞ்சப் புரோகிராம்மா இது," என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது. ஐந்நூற்றுச் சொச்சம் பானைகள் போயின. ஒன்றுகூடத் தகராறு இல்லை.

அன்று பதினொரு மணிக்கு, விற்பனை மும்முரமாக இருந்தபோதே, ஆலை மேற்பார்வையாளர் டார்லா பானையோடு வந்தாள்.

"கார்லிஸ், நாளைக்குக் காலைல அஞ்சு மணி ஷிப்ட். உன் பேரை எழுதிடட்டுமா?"

கார்லிஸ் திரையில் எண்ணைப் பார்த்து, டார்லாவின் பானையில் டேப்பை ஒட்டினாள்.

"வேற யார் பேரையாவது எழுதுங்க."

"உன் லாக்கர்ல பூட்ஸ் கெடக்குதே?"

"எட்டாம் நம்பர். யாருக்குப் பொருந்துதோ அவங்க போட்டுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, அடுத்த பானைக்குக் கையை நீட்டினாள்.