லோனப்பேட்டனின் அரை அடி

வலது கை முதலில் மேலே போகும். பேச்சு பிறகுதான் வரும். என் மைக் செட்டுக் கடையின் ஷட்டருக்குக் கீழே நின்றுகொண்டு, உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்து, குதிகாலை எம்பி, விரல் நுனியால் ஷட்டர் பெட்டியைத் தொடப் பார்ப்பார் லோனப்பேட்டன். எட்டாது. "இதுக்கும் மேல ஒரு சாண்டா, பாண்டி!" என்பார். சந்தையில் பார்த்த வாழைத்தார், மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த பிரிட்ஜ், யாரோ வளர்க்கிற சேவல், எல்லாவற்றுக்கும் அளவுகோல் அந்த ஷட்டர் பெட்டிதான். சேவல் எப்படி ஐயா ஷட்டர் உயரம் இருக்கும் என்று கேட்டால், "பறக்கும்போது" என்பார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பாண்டி என்பது நான்; தமிழனுக்கு இங்கே அதுதான் பெயர். பொள்ளாச்சியிலிருந்து இங்கே, திருச்சூருக்கு மேற்கே, பெண் கட்டி வந்து தலை நரைத்துவிட்டது. ரேஷன் கார்டுகூட இந்த ஊர்தான். லோனப்பேட்டனுக்கு மட்டும் நான் இன்னும் நேற்று பஸ்ஸில் வந்து இறங்கிய பாண்டிக்காரன். போகட்டும். என் ஆம்ப்ளிபயரும் அவர் தொண்டையும் சேர்ந்துதான் இத்தனை காலம் சோறு தின்றிருக்கிறோம்.

தொழில் அறிவிப்பு. ஜீப்பில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு போய் ஊர் ஊராகச் சொல்வது, திருவிழா மேடையில் நின்று சொல்வது, இரண்டும். ஆள் வேதக்காரர், கிறிஸ்தவர். ஆனாலும் கோயில் பூரம், சர்ச் பெருநாள், மசூதி நேர்ச்சை எதுவும் அவர் குரல் இல்லாமல் நடந்ததில்லை. மூன்று இடத்திலும் ஆனை உண்டு, ஆனை இருக்கிற இடத்தில் லோனப்பேட்டன் உண்டு. இஸ்திரி போட்ட வெள்ளை முண்டு, ஓடாத தங்கநிறக் கைக்கடிகாரம், சுக்கும் கல்கண்டும் போட்ட ஒரு தகர டப்பா. மைக்கைப் பிடித்தால் கையை வாய்க்கு நேரே கொண்டுபோக மாட்டார். மைக்கை நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "என் குரலுக்கு உன் மிஷின் கிட்ட வந்தா வெடிச்சிடும்டா" என்பார். நான் பேசாமல் பின்னால் போய் வால்யூமைக் கூட்டி வைப்பேன்.

அவர் மனைவி திரேசியாச் சேச்சி அவரை நன்றாகக் கற்றுக்கொண்டவர். "சாம்பார்ல உப்பே இல்லேன்னு இந்த மனுஷன் கத்தினா, அரைச் சிட்டிகை போட்டாப் போதும். ஜுரத்துல சாகப் போறேன்னா, மூக்கு ஒழுகுதுன்னு அர்த்தம்" என்பார். ஊருக்கும் அந்தக் கணக்கு அத்துப்படி. லோனப்பன் லட்சம் பேர் என்றால் சில ஆயிரம். லோனப்பன் பத்தே கால் அடி என்றால் அரை அடியைக் கழித்துக்கொள்.

அவர் ஒருத்தரை மட்டும் சொல்லி என்ன பயன்? இங்கே யார் கூட்டிச் சொல்லவில்லை? பூரத்துக்கு மறுநாள் பேப்பரில் ஜனசமுத்திரம் என்று போடுகிறார்கள். அத்தனை ஜனம் அந்த வயலில் நிற்க வேண்டுமானால் ஒருத்தர் தோளில் ஒருத்தர் ஏறித்தான் நிற்க வேண்டும். எம்.எல்.ஏ. ஒரு பஸ் ஸ்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, ஏசியாவிலேயே இப்படி ஒன்று இல்லை என்றார். பிளெக்ஸ் வரைகிற பையன்கள் ஆனையின் மத்தகத்தை மேகத்துக்கு மேலே கொண்டுபோய் வைக்கிறார்கள். மிருக டாக்டர் ஜோஷி படித்தவர், நல்லவர், அவரே திருவிழா மலரில் ஆனையின் மூளை ஒரு மாவட்டக் கலெக்டரின் மூளைக்குச் சமம் என்று எழுதினார். எதைச் சமமாக வைத்துப் பார்த்தாரோ! நான் மட்டும் யோக்கியமா? என் கடைப் பெயர் இன்டர்நேஷனல் சவுண்ட்ஸ். என் ஒயர் ஆற்றுக்கு அக்கரை போனதில்லை.

"ஏன் லோனப்பேட்டா, உள்ளதை உள்ளபடி சொன்னா நாக்கு அழுகிடுமா?" என்று ஒரு தடவை எரிச்சலில் கேட்டுவிட்டேன்.

அவர் கல்கண்டைக் கன்னத்துக்கு ஒதுக்கினார். "எடா முட்டாளே, கேக்கிறவன் எப்படியும் அரை அடி கழிப்பான். அவன் பழக்கம் அது. அதுக்குத்தான் நான் அரை அடி கூட்டி வெக்கிறேன். கூட்டலும் கழித்தலும் போக நடுவுல நிக்குது பாரு, அதுதான்டா நெஜம். நான் உள்ளபடி சொன்னா, நெஜம் குட்டையாப் போயிடும்."

வாயால் பந்தல் போடுகிற மனுஷனின் சாக்கு என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கம் பூரத்தில் உயரமான ஆனைதான் திடம்பை, அதாவது சாமியை, முதுகில் ஏற்றிக்கொள்ளும். மற்றதெல்லாம் இரண்டு பக்கமும் நிற்கும். அதனால் ஆனைக்கு உயரம்தான் ஜாதகம். கிழக்கேமடத்து ராமுண்ணிக் கைமளின் அனந்தன் இருக்கிறானே, அவன் அழகன், சாது. உண்மையில் ஒன்பதே முக்கால் அடி. டாக்டர் அவன் தோளில் கோல் வைத்து அளந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அவனைப் பத்தே கால் ஆக்கியது லோனப்பேட்டன். "கஜகுல சக்கரவர்த்தி, நடந்து வரும் கோபுரம், கிழக்கேமடம் அனந்தன், பத்தே கால் அடி!" என்று அவர் இழுக்கும்போது, பாகன் வேலாயுதன் கீழேயிருந்து தாடையில் கோலால் தொட, அனந்தன் தலையைத் தூக்க, ரசிகர் சங்கத்துப் பையன்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றுவார்கள். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் கொல்லத்திலிருந்தும் கோட்டயத்திலிருந்தும் கமிட்டிக்காரர்கள் கைமள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

வந்து நின்றதன் பலன் அனந்தனின் காலில் தெரிந்தது. ஒரு பூரம் முடிந்து லாரி, லாரியிலிருந்து இறங்கி இன்னொரு பூரம். கொதிக்கிற தார் ரோட்டில் ஊர்வலம். போன மகரத்தில் பின்னங்கால் பாதத்தில் புண் வந்து, ஆறாமல் உள்ளே இறங்கிவிட்டது. டாக்டர் ஜோஷி வந்து பார்த்து, இந்த சீசன் முழுக்க அவனைக் கட்டுத்தறியிலேயே விட வேண்டும், இல்லாவிட்டால் கால் போய்விடும் என்றார். கால் போன ஆனை எழுந்து நிற்காது. நிற்காத ஆனை பிழைக்காது. அது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கைமள் கெட்டவர் இல்லை. அனந்தனுக்குக் கவளம் கொடுக்காமல் தான் சாப்பிட உட்கார மாட்டார். ஆனால் ஆற்றுவட்டத்துப் பெரிய பூரத்தில் தன் ஆனை திடம்பு ஏற்ற வேண்டும் என்ற ஆசை அவர் கண்ணை மறைத்துவிட்டது. "டாக்டர்மாரு எல்லாத்தையும் கூட்டித்தான் சொல்லுவாங்க. ஆனை மூளையும் கலெக்டர் மூளையும் ஒண்ணுன்னு எழுதின ஆளுதானே?" என்று சொல்லி, மஞ்சள் பத்துப் போட்டார்.

வேலாயுதன் ஒருநாள் சாயங்காலம் என் கடைக்கு வந்தான். நேரே லோனப்பேட்டன் முன்னால் போய் நின்றான்.

"சேட்டா, ராத்திரி முழுக்க அவன் அந்தக் காலைத் தரையில வெக்க மாட்டேங்கிறான். நான் சொன்னா முதலாளி கேக்க மாட்டாரு. பாகனுக்குச் சோம்பல்னு சொல்றாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க தூக்கிவிட்டவன்தானே அவன்?"

லோனப்பேட்டன் போனார். நானும் கூடவே போனேன். எப்போதும் பேசுகிற அதே தோரணையில் போய் முற்றத்தில் நின்று, கையை ஆட்டி, "கைமளே, கால் பூரா அழுகிப்போச்சு! எலும்பு தெரியுது! நாளைக்கே விழுந்திடும் ஆனை! ஊரே சாபம் விடும்!" என்று முழங்கினார்.

கைமள் விழுந்து விழுந்து சிரித்தார். "லோனப்பா, நீ சொன்னதுல பாதியைக் கழிச்சா ஒரு சின்னக் கொப்புளம் மிஞ்சும். போய்க் காப்பி குடி."

திரும்பி வரும்போது மனுஷன் வழியெல்லாம் டப்பாவைத் திறந்தார், மூடினார், எதையும் எடுத்து வாயில் போடவில்லை. அவர் பேசாமல் வந்து நான் பார்த்ததே இல்லை.

பெரிய பூரத்துக்குத் திடம்பு ஆனையை முடிவு செய்வது குன்னத்துக் காவுக் கோயில் பூரத்தில்தான். சின்னப் பூரம், ஆனால் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனைகள் ஒவ்வொன்றாக மேடைக்கு முன்னால் வந்து தலை தூக்கி நிற்கும். அன்றைக்கு லோனப்பேட்டன் செறுவள்ளி தாமோதரனைப் பத்தடி என்றார். அவனுக்கும் எப்போதும்போல அரை அடி கூட்டித்தான்; உண்மையில் ஒன்பதரை. கைதட்டல். அடுத்து அனந்தன். பையன்கள் சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டு தயாராக நின்றார்கள். கைமள் பட்டு வேட்டியில், நெற்றியில் சந்தனத்தோடு. அனந்தன் அந்தக் காலை மெதுவாக இழுத்து வைத்து வந்து நின்றான். வேலாயுதன் தாடையைத் தொடவில்லை.

லோனப்பேட்டன் முதல்முறையாக மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

"கிழக்கேமடம் அனந்தன். ஒன்பதே முக்கால் அடி."

அவ்வளவுதான். சக்கரவர்த்தியும் இல்லை, கோபுரமும் இல்லை. ஒயர் போய்விட்டதோ என்று நான் ஓடிப்போய் ஆம்ப்ளிபயரைத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்தார். "லோனப்பன் வாயிலேயே ஒன்பதே முக்கால்தான்னா, நெஜத்துல ஒன்பதே கால் தேறுமா?"

"ஒன்பதுன்னு வெய்யி சாரே" என்றார் மற்றவர்.

கேட்க வேண்டுமா? அந்த வார்த்தை வயல் முழுக்கப் பரவியது. பொத்தானை அவிழ்த்த பையன்கள் மறுபடி போட்டுக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், டாக்டர் அளந்ததை நேரில் பார்த்த எனக்கே அந்த நேரத்தில் அனந்தன் கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தான். தாமோதரனுக்குத் திடம்பு என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை கைமள் கடைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன துரோகம்டா இது? என் ஆனையை ஊர் முன்னால குட்டையாக்கிட்டியே! உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

"நான் குறைச்சுச் சொல்லலியே கைமளே" என்றார் லோனப்பேட்டன். "டாக்டர் அளந்ததை அப்படியே சொன்னேன். வேணும்னா கோலைக் கொண்டாங்க, அளந்து பார்ப்போம்."

கைமள் கோலைக் கேட்கவில்லை. அளக்கச் சொன்னால் இத்தனை வருஷப் பத்தே காலும் போய்விடும். "இனி என் வாசப்படி மிதிக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு முடியவில்லை. ரசிகர் சங்கம் கமிட்டியிடம் போய்க் கத்த, ஆற்றுவட்டத்துப் பெரிய பூரத்தின் மைக் லோனப்பேட்டன் கையைவிட்டுப் போயிற்று. புத்தி தெரிந்த நாளிலிருந்து அவர் வைத்திருந்த மைக் அது. வேறு ஊரிலிருந்து ஒரு சின்னவயசுக்காரனைக் கூட்டி வந்தார்கள். என் ஆம்ப்ளிபயரைத்தான் அவனுக்கும் போட வேண்டியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"உனக்கு எதுக்கு லோனப்பேட்டா இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டேன்.

"அவன் காலைப் புண்ணாக்கினது தார் ரோடு இல்லடா" என்றார். "என் நாக்கு."

பெரிய பூரத்தன்று அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஸ்பீக்கர் சத்தம் அவர் வீட்டு அடுக்களைவரை கேட்கும். அன்று மதியம் சாம்பாரில் உப்புப் போட மறந்துபோனதாகவும், மனுஷன் ஒரு வார்த்தை சொல்லாமல் பிசைந்து தின்றுவிட்டு எழுந்ததாகவும் திரேசியாச் சேச்சி பிறகு சொன்னார்.

இப்போது லோனப்பேட்டன் தீப்பெட்டிக் கம்பெனிச் சீட்டுக் குலுக்கல், கோழிக்கடைத் திறப்பு, காணாமல்போன ஆடு என்று ஜீப்பில் சொல்லிக்கொண்டு போகிறார். ஆட்டைக் காளை அளவு சொல்கிறார். அந்தக் குணம் போகுமா? அனந்தன் கட்டுத்தறியில் நிற்கிறான். புண் மூடிக்கொண்டு வருகிறது, ஆனால் உள்ளே இன்னும் ஆறவில்லை, இப்போது லாரியில் ஏற்றினால் பழையபடி ஆகிவிடும் என்று வேலாயுதன் வந்து சொல்லிவிட்டுப் போகிறான். கைமளோ யாராவது கேட்டு வர மாட்டார்களா என்று ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாராம்.

போன வெள்ளிக்கிழமை ஒரு கார் வந்து கடை முன்னால் நின்றது. தெற்கேயிருந்து வந்த கோயில் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர். கிழக்கேமடத்துக்கு வழி கேட்டார்கள். லோனப்பேட்டன் ஸ்டூலில் உட்கார்ந்து என் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அவரைத் தெரியவில்லை.

"அங்க பத்தே கால் அடியில ஒரு ஆனை இருக்காமே. எங்க உற்சவத்துக்குத் திடம்பு ஏத்த ஆனை வேணும். நீங்க பார்த்திருக்கீங்களா சேட்டா, அவ்வளவு உயரமா?"

லோனப்பேட்டன் ஒயரைக் கீழே வைத்தார். எழுந்து ஷட்டருக்குக் கீழே வந்து நின்றார். வலது கை பழக்கத்தில் விர்ரென்று மேலே போயிற்று, குதிகால் எம்பிற்று, விரல் நுனி ஷட்டர் பெட்டியைத் தொடப் போயிற்று. அங்கேயே ஒரு நொடி நின்றது. பிறகு குதிகால் தரையில் பதிந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்தபடியே ஒரு சாண் இறக்கினார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லோனப்பேட்டன் என்னை ஒருதரம் பார்த்தார், இன்னும் ஒரு சாண் இறக்கினார்.