கொரியாக்காரர் உரித்த பூண்டு

மன்னவனூரில் விஜயராணி தன் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விட்டிருந்தாள். மழை தூறினாலே இணையம் ஓடி ஒளிந்துகொள்ளும் ஊர். அதனால் மகன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் படங்களையும் தொடர்களையும் நிரப்பி, அதையே வீட்டு சர்வர் ஆக்கினாள். எந்த அறை டிவியிலும் அதிலிருந்து பார்க்கலாம்.

கொரியத் தொடர்தான் தகராறு செய்தது. சப்டைட்டிலைப் போட்டால் படம் நின்று நின்று வரும். கம்ப்யூட்டரின் காற்றாடி அலறும்.

"மெசினு கெழடாயிருச்சு புள்ள, எடைக்குப் போடு" என்றார் கணவர் நல்லையா.

"நீங்க சும்மா இருங்க. நான் பாக்குறேன்."

நோண்டி நோண்டிக் கண்டுபிடித்தாள். அந்த சப்டைட்டில் எழுத்தாக இல்லை, படமாக இருந்தது. டிவிக்கு அதைக் காட்டத் தெரியவில்லை. ஆகவே சர்வரே அதைக் காட்சிமேல் ஒட்டி, வீடியோ முழுவதையும் புதிதாக மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. பாவம், அது என்ன செய்யும்? எழுத்தாக இருக்கும் தனி சப்டைட்டில் ஃபைலைத் தேடி, வீடியோவின் பெயரையே அதற்கும் வைத்து, பக்கத்தில் போட்டாள். அலறல் நின்றது.

ஆனால் எழுத்து ஆங்கிலம். மொபைலில் தமிழாக்கினாள். "உன் நெனப்பாவே இருக்கு" என்று உருகவேண்டிய கதாநாயகி, "நான் உன்னைத் தவறவிடுகிறேன்" என்றாள். சரி, நாமே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தாள் விஜயராணி. எழுதியதும் திரை முழுக்கக் கேள்விக்குறிகள். யூனிகோடில் சேமித்ததும் தமிழ் வந்தது. கூடவே குறும்பும் வந்தது.

கதாநாயகன் தன் அம்மாவிடம் கண்கலங்கும் இடத்தில் இப்படி எழுதினாள்: "பூண்டு உரிக்காத ஆம்பளைக்கு இந்த ஊர்ல யாரும்மா பொண்ணு தருவா?"

அன்றிரவு தொடர் பார்த்த நல்லையா அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்கயும் பூண்டா?"

"பூண்டு இல்லாம அவங்களுக்குச் சோறே எறங்காதுங்க."

மறுநாள் பூண்டுத் தட்டை அவர் மடியில் வைத்தாள். மலைப்பூண்டு, பொடிப்பொடிப் பல். முனகாமல் உரித்தார். அதன்பின் கொரியாக்காரர்கள் துணி மடித்தார்கள், அடுப்பு மேடை துடைத்தார்கள். வில்லன்கூடப் பாத்திரத்தைக் கழுவிவைக்கச் சொல்லிவிட்டுத்தான் உயிரை விட்டான்.

அந்த வாரம் மதுரையிலிருந்து வந்து தங்கிய ஸ்வேதா என்ற பெண், கூடத்தில் அவர்களோடு உட்கார்ந்து தொடர் பார்த்தாள். கொரிய மொழி படித்தவள். சற்று நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அங்கிள், அவன் 'உன்னை மறக்கமாட்டேன்'னு சொல்றான். இங்க 'வெரசா வீட்டக் கூட்டு'ன்னு போட்டிருக்கு!"

விஜயராணிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நல்லையா பூண்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்த வில்லன்?"

கதை தெரிந்த ஸ்வேதா, "பழிவாங்கச் சொல்லிட்டுச் செத்தான் அங்கிள்" என்றாள்.

"அடப்பாவி! நல்ல மனுசன்னு அவனுக்காக ரெண்டு நாளு வெசனப்பட்டேனே!" மனைவியைப் பார்த்தார். "எனக்கு இப்பத்தான் வெளங்குது. சரி, ஒரு ஆள எனக்குக் குடு. அவன் பேசுறத நான் சொல்றேன், நீ எழுது."

கதாநாயகியின் அப்பாவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். அடுத்த பகுதியில் அந்தப் பெரிய மனிதர், கம்பெனியே கைவிட்டுப் போகிற நேரத்தில், சூடாக வாழைக்காய் பஜ்ஜி கேட்டார். மகள் கல்யாணத்திலும் கேட்டார்.

விஜயராணி அவரை முறைத்துக்கொண்டே தட்டச்சு செய்தாள்.