படத்தைப் பக்கவாட்டில் பார்ப்பவள்

மியூசியத்தில் எந்தப் படத்துக்கும் நேராகப் போய் நிற்கமாட்டாள் என் பேத்தி. முதலில் சுவரோரமாக ஒதுங்கி, தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்ப்பாள். வண்ணம் எங்கே மேடு தட்டியிருக்கிறது, தூரிகை எங்கே திரும்பியிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியுமாம். மூக்கு சட்டத்தை நெருங்கினால் காவலுக்கு நிற்கிற அம்மாள் ஒரு விரலைத் தூக்குவார். இவள் ஓரடி பின்வாங்கிச் சிரிப்பாள். வாராவாரம் நடக்கிற கூத்தாம்.

இந்த வெளிநாட்டில் அவள் படிப்பது மருந்துப் படிப்பு. புதன்கிழமை மதியம் வகுப்பில்லை; மாணவர் அட்டையைக் காட்டினால் மியூசியத்துக்குள் சும்மா விடுகிறார்கள். உள்ளே பேனாவுக்குத் தடை, பென்சில் சீவவும் கூடாது. அதனால் வீட்டிலேயே நாலு பென்சிலைச் சீவி, கொண்டையில் செருகிக்கொண்டு கிளம்புவாள். பஸ்ஸில் எதிரே இருப்பவர்கள் முள்ளம்பன்றியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். அவளுக்கென்ன வந்தது!

அவளோடு இருக்க நான் வந்து இரண்டு மாதமாகிறது. போன புதன் என்னையும் இழுத்துப் போனாள். ஒரு படத்தில் தட்டு நிறையப் பழம்.

"இத வரைஞ்ச நேரத்துக்குத் தின்னுருக்கலாம்" என்றேன்.

"தின்னுருந்தா அன்னைக்கே தீந்துருக்கும் பாட்டி. முந்நூறு வருஷமா அழுகாம இருக்கு பாரு."

அவள் வரைவது கைகளை மட்டும்தான். "மொகம் வரைஞ்சா மூக்கு சரியில்ல, முழி சரியில்லம்பாங்க. கைய யாரு கேக்கப்போறா?"

பெஞ்சில் உட்கார்ந்து வரைந்துகொண்டே, "அந்த நோட்டு மட்டும் இருந்திருந்தா, இதையே படிச்சிருப்பேன்ல" என்றாள். குறையாகச் சொல்லவில்லை; மழை வருமா என்று கேட்பதுபோல் சொன்னாள்.

ஓவியக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்காக இரண்டு வருடம் வரைந்து சேர்த்த நோட்டு அது. தேர்வுக்கு நாலு நாள் முன்னால் பழைய பேப்பர்காரரிடம் போட்டவள் நான். படிக்கத் தெரியாதவள், எந்த நோட்டென்று தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். வீடே நம்பியது. இவள் அழுத கண்ணோடு எனக்காக அப்பனிடம் சண்டைக்குப் போனாள்: "பாட்டியத் திட்டாதீங்க. அவங்களுக்கு எழுத்து தெரியாதுல்ல!"

ஐந்து வருடமாக அதை மாற்றிச் சொல்லவில்லை நான்.

"வேணும்னுதான் போட்டேன்டீ" என்றேன். "எழுத்துதான எனக்குத் தெரியாது, படம் தெரியாதா? ஒவ்வொரு பக்கமாப் புரட்டிப் பாத்துட்டுத்தான் போட்டேன். மருந்துப் படிப்பு சோறு போடும்னு நெனச்சேன். இன்னைக்கும் அப்படித்தான் நெனைக்கிறேன். ஆனா உங்கிட்டப் பொய் சொன்னேனே, அதுதான் உறுத்துது."

பென்சில் நின்றது.

"எல்லாப் பக்கமும் பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. அதனாலதான் பயந்தேன்."

எழுந்தாள். திறந்து கிடந்த என் ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு வரைந்துகொண்டிருந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய், எதிர்ச்சுவர்ப் பக்கத்துப் பெஞ்சில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.