கதையைச் சுருக்கச் சொன்ன நாள்

எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்த வருடங்களில், நோயைவிட என்னைப் பாடாய்ப் படுத்தியது நோயாளிகள் சொல்லும் கதை. நோட்டில் எனக்கு இருந்த இடம் மூன்று வரி. வருகிறவர்களோ களம், பாத்திர அறிமுகம், பின்கதை, உச்சகட்டம் என்று ஒன்றையும் விடமாட்டார்கள். தலைவலிக்கு உவமை மட்டும் நாலு வரும். வயிற்றுவலி எப்போதிருந்து என்று கேட்டால், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆரம்பிப்பார்கள். புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களுக்காக இந்த ஒன்றை எழுதி வைக்கிறேன்.

சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மறுநாள். நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் மருந்தடிக்கும் மணியை அவர் மனைவி செல்வி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். வாந்தி, வியர்வை. வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஏனுங்க சிஸ்டர், நேத்து கோயிலுக்குப் போயிருந்தமுங்க. எங்க நாத்தனா ஊட்டுக்காரரும் வந்திருந்தாருங்க. அவருக்கும் இவருக்கும் நாலு வருசமாப் பேச்சே இல்லீங்க..."

"வாந்தி எப்ப இருந்து?"

"அதுக்குத்தானுங்க வர்றேன். நேத்து ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க. இவருக்கு நொம்ப சந்தோசம், ராத்திரி பூரா தூங்கவேயில்லீங்க. காத்தால எந்திரிச்சு..."

"கோயில்ல சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டமுங்க."

எனக்கு அது போதும். திருவிழாச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி, உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துப் பெஞ்சில் படுக்க வைத்தேன்.

"இன்னும் இருக்குதுங்க சிஸ்டர்," என்றார் செல்வி.

"கதையைச் சுருக்கும்மா. வெளிய எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு," என்று எரிந்து விழுந்தேன்.

கால் மணி நேரத்தில் மணியின் சட்டை எச்சிலால் நனைந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்பாவை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. இது சாப்பாட்டால் வந்தது இல்லை.

"காத்தால என்ன நடந்துச்சு? சொல்லுங்க."

செல்வி விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார். "தூங்காத கண்ணோட மருந்தடிக்கப் போனாருங்க. மருந்து பீச்சுற நாசில் அடைச்சுக்கிச்சு. குத்தி எடுக்கிற கம்பிய ஊட்லயே மறந்துட்டாரு. வாயில வெச்சு ஊதுனாருங்க, மூணு நாலு தடவை."

பூச்சிமருந்து உள்ளே போயிருக்கிறது. டாக்டருக்குப் போன் செய்து, அவர் சொன்னபடி விஷமுறிவுக்கான அட்ரோபின் ஊசி போட்டு, எஸ்டேட் ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனோம். மலை இறங்கும்வரை மணியின் நாடியிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. செத்துவிடுவார் என்றே பயந்தேன்.

பத்து நாள் கழித்து மணி நடந்தே டிஸ்பென்சரிக்கு வந்தார். கூட வந்த செல்வி கோபமே இல்லாமல் சொன்னார்: "அன்னிக்கு நான் நாசிலுக்குத்தானுங்க வந்துட்டிருந்தேன்."

பிறகு யோசித்துப் பார்த்தேன். ராசியானதால் தூங்கவில்லை. தூங்காததால் கம்பியை மறந்தார். கம்பி இல்லாததால் வாயை வைத்தார். செல்வி ஒரு வரியைக்கூட வீணாகச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாவது முழுக்கதையையும் கேளுங்கள். அன்று அந்த அறையில் தேவையில்லாமல் பேசியது நான் ஒருத்திதான்.