இரண்டு விரல் லூஸ்

எட்மோன் கத்தரியைக் காதருகே வைத்து வெறுங்காற்றை இரண்டு முறை வெட்டிப் பார்ப்பார். சத்தம் சரியாக வந்தால்தான் வேலை ஆரம்பம். கான் ஹொய் பாலத்தடியில் தையல்கடை போட்டு நாற்பது வருடம் கால்சட்டை வெட்டிய கத்தரி அது. இப்போது வெட்டுவதெல்லாம் அவர் வயிற்றில் ஒட்டும் பையின் ஓட்டையை. அறுவை செய்து குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து வைத்து ஐந்து மாதம் ஆகிறது. கழிவு பையில் விழும். விழ வேண்டும் என்பது மருத்துவரின் ஆசை.

ஓட்டையைக் குடல்வாயை ஒட்டி வெட்டச் சொன்னாள் நர்ஸ். "எனக்கே கத்தரி புடிக்கச் சொல்லித் தர்றா. ரெண்டு விரலு லூஸு இல்லன்னா எவன் மூச்சு விடுவான்?" என்று வழி நெடுக முனகிவிட்டு, வீட்டில் தாராளமாக வெட்டினார். அந்த இடைவெளியில் கழிவு தோலைத் தொட்டது. தோல் வெந்து நீர் கோத்தது. ஈரத்தில் பை ஒட்டாமல் ஒழுகியது. மேதைகள் எல்லோரையும் போல இவரும் சரக்கைத்தான் திட்டினார்: "பசை மட்டம்."

ஒரு ஞானஸ்நானத்தில் சாமியார் குழந்தையின் தலையை நனைத்த அதே நிமிடம் இவர் சட்டையும் நனைந்தது. அன்றிலிருந்து கோயிலில் கடைசி பெஞ்சு, கதவோரம். சட்டையில் அரைப் புட்டி கொலோன் சென்ட்; யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதாம்.

மகள் ஜிசேலுக்குக் கலியாணம் நிச்சயமானது. பீடம் வரை கைபிடித்து அழைத்துப்போக வேண்டிய அப்பா, "ஒன் மாமன் ஜூல் வரட்டும்மா. எனக்கு முட்டி வலி" என்றார். அவள் அழுதாள். இவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். ஒரு முட்டிக்காக உலகில் யாரும் அவ்வளவு அழுததில்லை.

மனைவி மார்கரித் அழவில்லை. நர்ஸ் தந்த அளவு அட்டையை எடுத்து வந்து குடல்வாய்மேல் வைத்துப் பார்த்தாள்.

"இருபத்தஞ்சு மில்லிமீட்டரு. நீங்க வெட்டியிருக்கிறது நாப்பத்தஞ்சு. ஏங்க, இதென்ன வளர்ற புள்ளையா, லூஸு விட? இது சுருங்கிக்கிட்டுல்ல வருது."

"எப்பலேருந்து நீ தையக்காரி ஆன?"

"தையக்காரி இல்லீங்க. அஞ்சு மாசமா தொவைக்கிறவ."

கலைஞர் தோற்றார். பிறந்ததிலிருந்து முதன்முறையாக ஒட்டி வெட்டினார், குலத்தொழிலைக் காட்டிக் கொடுப்பவர் போன்ற முகத்தோடு. வெந்நீரில் கழுவி, தோல் நன்றாகக் காய்ந்த பிறகே பையை ஒட்டினார். இரண்டு வாரத்தில் சிவப்பு வடிந்தது, ஒழுகல் நின்றது. "நானே ஒரு வழி கண்டுபுடிச்சேன்" என்று ஜூலிடம் சொன்னார். மார்கரித் இருமிக்கொண்டாள்.

கலியாணத்தன்று முட்டி அதிசயமாகக் குணமாகியிருந்தது. மகளைப் பீடத்தில் விட்டுவிட்டு, முன்பெஞ்சின் ஓரத்தில் பழக்கப்படி ஒதுங்கி உட்கார்ந்தார். கதவு எவ்வளவு தூரம் என்று ஒருமுறை திரும்பியும் பார்த்தார். பாட்டு தொடங்கிய பிறகு ஜூல் வியர்க்க விறுவிறுக்க வந்து இடம் தேடி நின்றார்.

எட்மோன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பெஞ்சின் நடுவுக்கு நகர்ந்து, ஓரத்தை மச்சானுக்கு விட்டார்.