காருக்கு ஊற்றிய ஏரித் தண்ணீர்

அன்று அந்தக் காரில் இருந்தவர்கள்: முன்னால் டிரைவர், நைனா, மாமன். பின்னால் அண்ணன், கைக்குழந்தையோடு அண்ணி, கதவோரம் நான். குழந்தையையும் சேர்த்து ஏழு பேர். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து படகில் பழவேற்காட்டுக்கு வந்து, பொன்னேரியிலிருந்து வரவழைத்திருந்த வாடகைக் காரில் ஏறினோம். எண்பதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். அண்ணன் துபாய்க்குப் போகிறான், படகு என்ஜின் பார்க்கும் வேலைக்கு.

டிக்கெட் வாங்கிக் கொடுத்த பாய் முன்னாடியே சொல்லிவிட்டார். "இருக்குறதுலயே கம்மி வெல டிக்கெட்டு இதான். தேதி மாத்த முடியாது. பிளேன வுட்டா துட்டும் போச்சு, வேலையும் போச்சு." அண்ணியின் நகையெல்லாம் அந்தக் காகிதத்துக்குள் போயிருந்தது. எனக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கவலைப்படுவதை மட்டும் விடவில்லை.

உருண்டை மூக்கு வைத்த அந்தக் காலத்துக் கார்கள்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. எத்தனை பேரை ஏற்றினாலும் முகம் சுளிக்காது. ஆனால் அதற்குத் தாகம் அதிகம். பழவேற்காட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. டிரைவர் இறங்கினார், கோணியை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தார், புஸ்ஸென்று வந்ததற்கு விலகி நின்றார். "ஆறட்டும். நல்ல தண்ணி கொண்டாறேன், யாரும் கை வெக்காதீங்க" என்று தகர டின்னை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பக்கத்தில் கிணறும் உப்பு, குட்டையும் உப்பு. நல்ல தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டுமோ!

வெகுநேரம் ஆளைக் காணோம். ஆவி அடங்கிவிட்டது. ரோட்டோரமே ஏரித் தண்ணீர் தளதளவென்று கிடந்தது.

"இன்னா மாமா, இவ்ளோ தண்ணிய வெச்சிகினு பிளேன வுடணுமா?" என்றான் அண்ணன்.

"அதானே. நம்ம படகு என்ஜின் இன்னா, இளநியா குடிக்குது?" என்றார் மாமன்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "கரைக்கு வந்ததும் அத நல்ல தண்ணி டிரம்முல வுட்டு ஓட்டி அலசுவமே?"

"டிரைவரும் வீட்டுக்குப் போயி அலசிக்கட்டும்டா, பயந்தாங்கொள்ளி" என்றார் மாமன்.

அண்ணி கொண்டுவந்த இட்லியைத் துண்டில் கொட்டிவிட்டு, அந்தத் தூக்குவாளியால் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். நைனா தடுக்கவில்லை. வெயிலைப் பார்த்தபடி நின்றிருந்தார். படகின் பின்னால் மாட்டுகிற என்ஜின் ஒரு பக்கம் தண்ணீரைக் குடித்து மறுபக்கம் துப்பிவிடும். கார் என்ஜின் குடித்ததை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு சுற்றவிடும். அந்த வித்தியாசம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. என்ஜின் வேலைக்குத் துபாய் போகிறவனுக்கும் தெரியாது.

டிரைவர் திரும்பி வந்தார். நிறைந்திருந்த தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். துப்பினார்.

"அடப்பாவிங்களா! காருக்குக் கருவாடு போடுறீங்களா? மொத்தத்தையும் வடிச்சிக் கழுவணும். இந்த ஒரு டின்னு எப்டிப் பத்தும்? இன்னொரு நட போணும்."

"அதுக்குள்ள பிளேனு போயிடும்ணா" என்றாள் அண்ணி. அழவில்லை, குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். டிரைவர் அவளைப் பார்த்தார், காரைப் பார்த்தார். மூடியை இறுக்கிவிட்டு, "ஏறுங்க" என்றார். மீனம்பாக்கம் வரை அவர் கண் முழுக்கச் சூட்டு முள்ளின்மேல்தான். என் கண்ணும் அதிலேதான்.

பிளேன் கிடைத்தது. அண்ணன் உள்ளே ஓடியபோது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, வானத்தில் போன எல்லாவற்றுக்கும் கை ஆட்டினோம். பிளேனும் மண்ணெண்ணெய் மாதிரி ஒன்றில்தான் ஓடுகிறது என்று பக்கத்தில் நின்றவர் சொல்ல, மாமனுக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் படகும் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில்தான் ஓடும். "அப்ப அதுவும் நம்ம ஆளுதான்!" என்றார்.

இப்போது குப்பத்துப் பிள்ளைகள் போனிலேயே மலிவு டிக்கெட் எடுத்து, பஸ் ஏறுகிற மாதிரி பிளேன் ஏறுகிறார்கள். வழியனுப்ப யாரும் போவதில்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு, வேர்வையும் இட்லி வாசனையுமாகப் போன அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

டிரைவர் அன்று மீனம்பாக்கத்திலேயே மூன்று முறை ரேடியேட்டரைக் கழுவினார். அப்படியும் சில நாளில் அது ஒழுக ஆரம்பித்தது. குப்பத்துக்கே வந்துவிட்டார். சண்டை போடவில்லை. "தெரிஞ்சிதான் ஓட்டினேன். அதனால புதுசுக்குப் பாதி நீங்க, பாதி நான்" என்றார். எங்கள் பாதி முந்நூறு ரூபாய். "நியாயம்பா" என்று சொல்லி, நைனா மீன் விற்ற காசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவந்தார். அண்ணன் மீதியை அனுப்பி, அதை எடுத்துக்கொண்டு நான் பொன்னேரிக்குப் போனபோது, அவர் காரை விற்றுவிட்டு எங்கோ போயிருந்தார். கார் ஸ்டாண்டில் இருந்த யாருக்கும் இடம் தெரியவில்லை. அந்தப் பக்கம் போனால் இன்றும் விசாரிக்கிறேன். தர வேண்டிய பாக்கி நூற்றிருபது ரூபாய்.